திரையில் ஒரு சாளரம் அமைப்போம்



கணினியை இயக்கத் தெரிந்தவர்கள் இன்று நம்மிடையே பலர். கணினிக்கு ஆணை எழுதத் தெரிந்தவர்களோ சிலரே. அவ்வாணைகளின் தொகுப்பே நிரல் எனப்படும். பெட்டிகளும் பொத்தான்களும் கொண்ட சாளரமாக மேசைக் கணினியின் திரையில் தோன்றும் நிரலை எழுதப் பழகுவது எப்படி என்பதை இங்குக் காண்போம்.

முதற்படி

ஆங்கிலம் நன்கு வந்தால்தான் நிரல் எழுத வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத உதவும் 'எழில்' என்னும் மொழியை முத்தையா அண்ணாமலை என்பவர் உருவாக்கி, 2009-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வழியாக அறிவித்தார். பள்ளி மாணவர்களுக்காகவே அமைந்த மொழி அது.

நம் காவேரிப்பட்டினத்தைச் சுற்றி மாந்தோப்புகள் மிகுதி. மாங்கூழ்த் தொழிற்சாலைக்குக் காய் ஏற்றிவரும் வண்டியை முதலில் சுமையோடும், பிறகு காலியாகவும் எடை போடுவார்கள். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே காயின் எடை. இதனை எழிலில் மூன்றே வரிகளில் எழுதலாம்:

மொத்தம் = 3450
காலி = 1200
பதிப்பி மொத்தம் - காலி

திரையில் 2250 என்று விடை வரும்.

காத்திருக்கும் நிரல்

மேற்கண்ட நிரல் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடிந்துவிடுகிறது. சாளர நிரலின் இயல்பு வேறு. மடத்து வாசலில் அழைப்பு மணி எப்போது ஒலிக்கும் என்று காத்திருக்கும் சகோதரியைப் போல, அது பயன்படுத்துபவரின் செயலை எதிர்நோக்கிக் காத்திருக்கிறது. பொத்தானை அழுத்துவதும், எழுத்தைத் தட்டுவதும் 'நிகழ்வு' எனப்படும். நிகழ்வு நேர்ந்தவுடன் அதற்குரிய ஆணைகள் நடைபெறும்; பிறகு நிரல் மீண்டும் காத்திருக்கும்.

அமெரிக்க அறிஞர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968-இல் சுட்டியைக் கொண்டு திரையில் வேலை செய்யும் முறையைப் பலரறியச் செய்து காட்டினார். 1991-இல் வெளிவந்த விசுவல் பேசிக், பொத்தான்களைத் திரையில் வைத்துப் பார்த்தே சாளரம் அமைக்கும் வசதியைத் தந்தது. அதே ஆண்டில் கைடோ வான் ராசம் பைத்தான் மொழியை வெளியிட்டார். எழில் மொழியே பைத்தானைக் கொண்டு உருவானதுதான். மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் எடுப்போர் பைத்தானைப் பயில்கின்றனர்.

பைத்தானில் சாளரம் அமைக்க 'டிகின்டர்' என்னும் கருவித் தொகுப்பு உதவுகிறது. செய்ய வேண்டியவை நான்கு:

1. வெற்றுச் சாளரம் ஒன்றை உருவாக்குதல்.
2. 'சுமையோடு எடை', 'காலி வண்டி எடை' என்ற பெயர்ப்பட்டைகளையும், அருகில் எண்ணை இடுவதற்கான பெட்டிகளையும் வைத்தல்.
3. 'கணக்கிடு' என்ற பொத்தானை வைத்து, அதை அழுத்தினால் நடக்க வேண்டியதை எழுதி இணைத்தல்.
4. நிகழ்வுகளுக்காகக் காத்திருக்குமாறு ஆணையிடுதல்.

கவனிக்க வேண்டியவை

பெட்டியில் நாம் இடுவதைக் கணினி எண்ணாகக் கருதாது, எழுத்தாகவே கருதும். ஒருவர் கொண்டுவந்த இரண்டு சுமைகள் 2250, 1800 என்றால் கூட்டுத்தொகை 4050. எண்ணாக மாற்றாமல் கூட்டினாலோ இரண்டையும் ஒட்டவைத்து 22501800 என்று காட்டும்! ஆகவே முதலில் எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழிலும் ஒரு நுட்பம் உண்டு. 'மாங்காய்' என்பதில் நாம் காண்பது நான்கு எழுத்துகள். பைத்தானோ காலையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி எட்டு என்று சொல்லும். தமிழ் முறைப்படி எழுத்துகளைப் பிரித்து எண்ண 'ஓப்பன்-தமிழ்' என்னும் தொகுப்பு இருக்கிறது. அதன் ஆக்கத்திலும் முத்தையா அண்ணாமலைக்குப் பங்குண்டு.

சாளரம் யாருக்காக?

எடை போடும் இடத்தில் கணினியை இயக்குபவர் ஒருவர்; விடையால் வாழ்வு பெறுபவர் வேறொருவர். ஆண்டு முழுவதும் தோப்பைக் காத்த விவசாயி, திரையில் தெரிவதைத் தாமே படித்துச் சரிபார்க்க முடியாவிட்டால், பிறர் சொல்வதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி ஏது? 'கழிவு' என்ற ஒரு சொல் தமிழில் இருந்தால், "எவ்வளவு கழித்தீர்கள்? ஏன்?" என்று அவர் கேட்கலாம் அல்லவா? நம் எல்லைப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுவோரும் உண்டு. பெயர்ப்பட்டைகளின் சொற்களை நிரலின் ஓரிடத்தில் தொகுத்து வைத்தால், கணக்கைத் தொடாமலே மொழியை மட்டும் மாற்றிவிடலாம்.

எனவே தோழியரே, நிரல் எழுதுமுன் தாளில் சாளரத்தை வரைவோம். அதனை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் காட்டி, புரிகிறதா என்று கேட்போம். பிறகு கணினியின் முன் அமர்வோம். இறைவன் தந்த அறிவு பிறருக்கும் ஒளிதரும் சாளரமாகத் திறக்கட்டும். முயல்வோம், வெல்வோம்!