அலைமீது ஏறும் பக்கமிதவைத் தோணி: அமைப்பும் தத்துவமும்

1777ஆம் ஆண்டில் காப்டன் குக்கின் கப்பல்கள் தாஹிட்டித் தீவின் மாத்தவாய்த் துறையில் நங்கூரமிட்டிருந்தபொழுது, கப்பலின் அறுவை மருத்துவரான வில்லியம் ஆண்டர்சன் கரையில் ஒரு காட்சியைக் கண்டார். தீவினன் ஒருவன் சிறு தோணி ஒன்றில் தனியே அமர்ந்து, கரையை நோக்கி வரும் அலைக்காகக் காத்திருந்தான். அலை நெருங்கியதும் விரைந்து துடுப்பு வலித்தான். அலை தோணியைத் தூக்கிக் கரைவரை கொண்டுவந்து விட்டது. உடனே அவன் தோணியைத் திருப்பிக்கொண்டு மீண்டும் கடலுக்குள் சென்றான். மீன் பிடிப்பதற்கன்று, பண்டம் ஏற்றுவதற்கன்று. அலைமீது செல்லும் இன்பம் ஒன்றிற்காகவே அவன் இவ்வாறு செய்தான் என்று ஆண்டர்சன் வியந்து எழுதி வைத்தார். இக்குறிப்பு நெடுங்காலம் குக்கின் பெயராலேயே எடுத்தாளப்பட்டு வந்தது. எழுதியவரோ அடுத்த ஆண்டே கடலில் உயிர்நீத்த மருத்துவர்.

பசிபிக் தீவுகளில் வழங்கும் தோணிகளுள் பெரும்பாலானவற்றிற்கு ஒரு புறத்தில் மட்டும் ஒரு மிதவை உண்டு. தோணியின் உடலோ மிகவும் குறுகலானது. குறுகலான உடல் நீரை எளிதில் கிழித்துச் செல்லும். ஆயினும் தானாக நிமிர்ந்து நில்லாது. அக்குறையை நீக்கவே, தோணியிலிருந்து சற்று எட்டத்தில் இலேசான மரத்துண்டு ஒன்றை இரு குறுக்குக் கைகளால் பிணைக்கின்றனர். ஹவாய் மொழியில் தோணிக்கு ‘வா-ஆ’ என்றும், மிதவைக்கு ‘அமா’ என்றும், கைகளுக்கு ‘இயாக்கோ’ என்றும் பெயர். அண்டையிலுள்ள இலங்கையின் ‘ஒரு’ என்னும் தோணியும், நிக்கோபார்த் தீவினர் ஓட்டும் தோணியும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இக்கட்டுரையில் மிதவையைப் ‘பக்கமிதவை’ என்றே குறிக்கிறோம். கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலேயர் எடுத்துச் சென்று, இரட்டை உடல் கொண்ட படகுகளுக்குச் சூட்டிவிட்டனர். அக்குழப்பத்தை நாமும் பெருக்க வேண்டுவதில்லை.

இத்தோணிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் முன்னாளில் சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் என்பது நம்மவர்க்கு நினைவில் இருக்கத்தக்கது. அவரும் ஹாடனும் சேர்ந்து எழுதிய பசிபிக் தோணிகள் பற்றிய பெருநூல் 1936 முதல் 1938 வரை மூன்று பகுதிகளாக ஹொனலூலுவில் வெளிவந்தது.

ஹவாய் மக்கள் தோணிக்குக் கோவா என்னும் வேல இனத்து மரத்தைக் குடைந்தனர். மிதவைக்கு விலிவிலி மரம். இது நம் ஊர் வேலிகளில் நிற்கும் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு. கைகளுக்குப் பூவரசின் குடும்பத்தைச் சார்ந்த ஹௌ மரத்தின் வளைந்த கிளைகள். இம்மூன்றையும் தென்னை நாரால் திரித்த கயிற்றால் கட்டினர். கனத்த உறுதியான மரம் உடலுக்கு, மிக இலேசான மரம் மிதவைக்கு, வளைந்து கொடுக்கும் மரம் கைகளுக்கு என்று அவர்கள் தேர்ந்த முறையைப் பௌதிக ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கலாம்.

இனி, இத்தகைய தோணி ஒன்றை நாமே செய்வது எவ்வாறு என்பதைக் காண்போம். பெருமரத்தைக் குடைவது இன்று இயலாது. 6 மில்லிமீட்டர் கனமுள்ள கடல்தர ஒட்டுப்பலகை போதும். நம் நாட்டில் இதற்குரிய தர எண் ஐ.எஸ். 710. கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல், பலகையின் ஒரு சிறு துண்டைக் கொதிநீரில் சில மணி நேரம் வேகவைத்துப் பார்க்க வேண்டும். அடுக்குகள் பிரிந்தால் அப்பலகை அலமாரிக்கு ஆகலாம், கடலுக்கு ஆகாது.

ஒரு பலகை 2.44 மீட்டர் நீளமும் 1.22 மீட்டர் அகலமும் உடையது. அதை நீளவாக்கில் 40 சென்டிமீட்டர் அகலமுள்ள மூன்று பட்டைகளாக அறுக்கலாம். இரண்டு பலகைகளை இவ்வாறு அறுத்து, பட்டைகளை இரண்டிரண்டாக இணைத்தால் ஏறத்தாழ 4.8 மீட்டர் நீளமுள்ள மூன்று பட்டைகள் கிடைக்கும். ஒன்று அடிப்பலகை, மற்ற இரண்டும் பக்கப் பலகைகள். இணைக்கும் முனைகளைச் செங்குத்தாக ஒட்டலாகாது. கனத்தைப் போல் எட்டு மடங்கு, அதாவது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தூரம், சரிவாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து எப்பாக்சிப் பசையால் ஒட்ட வேண்டும். மூன்றாவது பலகை ஒன்று குறுக்குத் தடுப்புகளுக்கும் மேல்மூடிகளுக்கும் உதவும்.

அடிப்பலகையின் இரு முனைகளையும் இலை வடிவில் கூர்மையாக்குக. அதன் விளிம்புகளிலும் பக்கப் பலகைகளின் விளிம்புகளிலும் சிறு துளைகளிட்டு, செப்புக்கம்பியால் தைப்பது போல முறுக்கிப் பிணைத்தால் தோணியின் வடிவம் தானே எழும். பின் மூலைகளில் பசையும் நுண்ணிய மரத்தூளும் கலந்த சாந்தைப் பூசி, அதன்மேல் கண்ணாடி இழை நாடாவை ஒட்ட வேண்டும். 1963இல் பிரிட்டனில் வெளிவந்த மிரர் என்னும் சிறு பாய்ப்படகு இம்முறையைப் பரவச்செய்தது. சட்டம் பொருத்தும் தச்சுத் தேர்ச்சி இல்லாதவர்களும் இதனால் படகு செய்ய முடிந்தது. தைத்துப் படகு கட்டுவது நம் கரைக்குப் புதிதன்று. சென்னைக் கடற்கரையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சென்றுவந்த மசூலாப் படகுகள் கயிற்றால் தைத்தவையே. ஆணி அடித்த பலகை பிளந்துவிடக்கூடிய அலையிலும் அவை நெகிழ்ந்து கொடுத்துத் தப்பின.

பக்கப் பலகைகளை நேர் நிமிர்வாக நிறுத்தாமல், மேல்விளிம்பு 15 பாகை அளவு வெளிப்புறம் சாயுமாறு வைத்து வளைக்க வேண்டும். அவ்வாறு செய்தால் அணியமும் அமரமும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தாமாகவே மேலேறும். அணியத்தின் கீழ்விளிம்பை மேலும் 5 சென்டிமீட்டர் செதுக்கி உயர்த்துதல் நலம். அமைதியான ஏரிக்கு இவ்வளவு ஏற்றம் வேண்டுவதில்லை. அலைச்சரிவில் இறங்கும்பொழுது அணியம் நேராகச் சென்று அலையின் அடியில் குத்திக்கொள்ளாமல் இருப்பதற்கே இது தேவை. இரு முனைகளிலும் காற்றுப் புகாத அறைகளை அமைத்து மேலே மூடிவிடுக. இந்த அறைகள் இல்லாத தோணியைக் கடலுக்குக் கொண்டுபோகலாகாது. இவ்வுடல் ஏறத்தாழ 33 கிலோகிராம் எடை இருக்கும்.

மிதவையைப் பற்றிச் சற்று நின்று ஆராய வேண்டும். தோணியின் நிலைப்பாடு முழுவதும் அதனைப் பொறுத்தது. 15 சென்டிமீட்டர் விட்டமும் 2.4 மீட்டர் நீளமும் உள்ள உருளை வடிவ மரம் ஒன்றைக் கொள்வோம். அதன் கனபரிமாணம் 42 லிட்டர். ஒப்படர்த்தி 0.3 ஆயின் அதன் எடை 13 கிலோகிராம். முழுவதும் மூழ்கினால் அது வெளியேற்றும் கடல்நீரின் எடை 43 கிலோகிராம். ஆகவே மிகுதியாகத் தாங்கும் ஆற்றல் 30 கிலோகிராம். தோணியின் நடுக்கோட்டிலிருந்து மிதவை 1.3 மீட்டர் தூரத்தில் இருக்கட்டும்.

மிதவைப் பக்கமாகத் தோணி கவிழ வேண்டுமானால் மிதவை மூழ்க வேண்டும். அதற்குத் தேவையான திருப்புத்திறன் 30 × 1.3, அதாவது 39 கிலோகிராம்-மீட்டர். எதிர்ப்பக்கமாகக் கவிழ வேண்டுமானால் மிதவை நீரைவிட்டு எழுந்தால் போதும். அதனைத் தடுப்பது மிதவையின் எடையும் கைகளின் எடையுமே. மிதவைக்கு 13 × 1.3, அதாவது 17. கைகளுக்கு 2 கூட்டினால் மொத்தம் 19 கிலோகிராம்-மீட்டர். தலைக்கு 60 கிலோகிராம் எடையுள்ள இருவர் அமர்ந்திருக்கின்றனர் என்க. அவர்கள் இருவரும் மிதவைக்கு எதிர்ப்புறமாக 16 சென்டிமீட்டர் நகர்ந்தால் 120 × 0.16, அதாவது 19 ஆகிவிடுகிறது. ஒரு சாணுக்கும் குறைவு! உட்கார்ந்திருப்போரின் ஈர்ப்பு மையம் உயரத்தில் இருப்பதால், குறுகலான உடலுள்ள தோணியில் உண்மை நிலை இதைவிடப் பாதகமாகவும் இருக்கக்கூடும். மிதவைப் பக்கமாகவோ 30 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தாலொழிய மிதவை மூழ்காது. அத்துணை நகர்வதற்குத் தோணியை விட்டு வெளியேறிக் கைமரத்தின் மீதே உட்கார வேண்டும்.

‘ஐயம் தோன்றினால் மிதவைப் பக்கம் சாய்க’ என்று பழகுவோர்க்கு முதலிற் சொல்லும் காரணம் இதுதான். ஹவாயில் மிதவை எப்பொழுதும் இடப்புறத்தில் இருப்பதால், அங்குள்ள சிறுவர்க்குச் சிந்திக்க வேண்டிய தேவையே இல்லை. உடல் தானே இடப்புறம் சாயும். நாமும் இடப்புறத்திலேயே வைப்போமாக.

வகுப்பறையில் இதைக் காட்டப் பெரும்பொருள் வேண்டா. காய்ந்த தென்னம்பாளை ஒன்று, இரண்டு ஈர்க்குக் கட்டுகள், ஒரு தெர்மகோல் துண்டு, அகன்ற தொட்டி நீர் ஆகியவை போதும். நாணயங்களைப் பாளையின் இரு விளிம்புகளிலும் மாறிமாறி வைத்து, எத்தனை நாணயத்தில் கவிழ்கிறது என்று மாணவர் குறித்துக்கொள்ளட்டும். தெர்மகோலுக்கு மாற்றாக அதே அளவுள்ள, ஆனால் கனமான, மரத்துண்டு ஒன்றைக் கட்டினால் ஒரு பக்கத்து எண் உயர்ந்து மற்றொரு பக்கத்து எண் குறைவதைக் காண்பர். மிதவை இலேசாக இருப்பது எப்பொழுதும் நன்மை என்று எண்ணியிருந்தவர்கள் அப்பொழுது தங்கள் கருத்தை மாற்றிக்கொள்வர்.

உண்மையான மிதவையையும் தெர்மகோலில் செதுக்கி, மேலே கண்ணாடி இழை போர்த்தலாம். ஆனால் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர்ப் பிசினை அதன்மேல் ஊற்றினால் தெர்மகோல் கண்முன்னே கரைந்துவிடும். எப்பாக்சியே அதற்கு உகந்தது. இவ்வாறு செய்த மிதவை மிகவும் இலேசாகிவிடும் என்பதால் மேற்கண்ட கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்து, கைகளின் நீளத்தைக் கூட்டவோ மிதவையைக் கனமாக்கவோ வேண்டும். மிதவையின் முன்முனையும் மேல்நோக்கி வளைந்திருத்தல் அவசியம்.

கைகளை உடலோடு திருகாணியால் முடுக்காமல் கயிற்றால் கட்டுவதே சிறப்பு. ஆணித்துளையில் விசை முழுவதும் ஓரிடத்தில் குவிந்து பலகையைக் கிழிக்கும். கட்டோ பல சுற்றுக்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும். நைலான் கயிறு நனைந்தால் நீளுமாதலால் பாலியெஸ்டர்க் கயிறு கொள்க. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிய ரப்பர்ப் பட்டைகளும் நன்றாகவே பயன்படுகின்றன.

அலையைப் பற்றியும் சிறிது அறிதல் வேண்டும். ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் காண்க. அலையின் உயரம் ஆழத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கானதும் அலை முறிகிறது. எனவே அரை மீட்டர் அலை, 63 சென்டிமீட்டர் ஆழத்தில், மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் வந்து முறியும். 1.2 மீட்டர் அலையோ மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் வரும். இருவர் முழுமூச்சாக வலித்தால் சிறிது நேரம் மணிக்கு 7 அல்லது 8 கிலோமீட்டர் வேகம் காணலாம். குறைவதை அலையின் சரிவு ஈடுசெய்கிறது. ஆட்களோடு 170 கிலோகிராம் எடையுள்ள தோணி, பத்துக்கு ஒன்று என்ற சரிவில் நிற்குமாயின் அதனை முன்தள்ளும் விசை 17 கிலோகிராம். முதல் அலைகள் அரை மீட்டருக்கு மேற்படலாகாது என்பதற்கு இக்கணக்கே சான்று.

அலை பின்புறத்தைத் தூக்கும் கணத்தில் இருவரும் முன்னே சாய்ந்து வலிக்க வேண்டும். தோணி சரிவில் இறங்கத் தொடங்கியதும் பின்னே சாய வேண்டும். அமரத்தில் இருப்பவர் துடுப்பைச் சுக்கானாகப் பிடிப்பார். பழகும்வரை கரையை நோக்கி நேராகவே செல்க. குறுக்கே திருப்பினால், அலை மிதவைப் பக்கத்தில் இருக்கும்பொழுது மிதவையைத் தூக்கிக் கவிழ்க்கும். எதிர்ப்பக்கத்தில் இருக்கும்பொழுது உடலைத் தூக்கி மிதவையின் முனையை நீரில் குத்தவைக்கும்.

கவிழ்வது பெருந்தீங்கன்று. அதன்பின் நேர்வதே தீங்கு. தோணியின் திறந்த நடுப்பகுதி ஏறத்தாழ 350 லிட்டர் நீர் கொள்ளும். அந்த எடையோடு மனிதன் ஓடும் வேகத்தில் வரும் தோணிக்கும் கரைக்கும் இடையில் யாரும் நிற்கலாகாது. இடுப்பளவு நீர் என்று அசட்டையாக நிற்பவரின் கால் எலும்பு முறிவதற்கு அந்த ஓர் அடி போதும். கவிழ்ந்தவர் தோணியின் கடற்புறத்திலேயே இருந்து அதனைப் பற்றிக்கொள்ள வேண்டும். நீச்சல் அறியாதவரை ஏற்றலாகாது. மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் இருவர்க்கும் வேண்டும். புறப்படுமுன் ஐதராபாதிலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் உயரலை எச்சரிக்கையைப் பார்க்கவும். கள்ளக்கடல் எனப்படும் நெடுந்தொலைவுப் பேரலைகள், தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்து, உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கரையேறுவன. அந்த ஊர் மீனவர் கடலுக்குச் செல்லாத நாளில் நாமும் செல்லாதிருப்போம்.

முதல் மிதப்பு ஏரியிலோ குளத்திலோ நடைபெறட்டும். ஆட்களுக்கு ஈடாக மணல்மூட்டைகளை ஏற்றி, எதிர்ப்புறம் சிறிது சிறிதாக நகர்த்தி, மிதவை எழும் தூரத்தை அளந்து, அந்த எண்ணைத் தோணியின் உட்புறத்தில் வண்ணத்தால் எழுதி வைக்கவும். பின்னர் வேண்டுமென்றே நீர் நிரப்பி, அறைகளின் பலத்தால் தோணி விளிம்பு தெரிய மிதக்கிறதா என்று பார்க்கவும். ஒவ்வொரு நாளும் கடலிலிருந்து திரும்பியதும் நன்னீரால் கழுவி, அறைகளின் மூடிகளைத் திறந்து உலரவிட்டு, கட்டுகளை விரலால் அழுத்திப் பார்த்து, தளர்ந்ததை அன்றே அவிழ்த்துக் கட்டவும்.