எதற்காகப் படிக்கிறோம்? – ஒரு சிறு ஆய்வு



டிப்ளமோ படிப்பு மூன்று ஆண்டு, செமஸ்டர் ஆறு. முதல் செமஸ்டரில் நிரம்பி வழியும் வகுப்பில், கடைசி செமஸ்டர் வரும்போது சில இடங்கள் காலியாக இருக்கும். "அவன் எங்கேடா?" என்று கேட்டால், "அரியர் நிறைய விழுந்துருச்சுப்பா, வேலைக்குப் போயிட்டான்" என்று பதில் வரும். அவனுக்கு என்ன மூளை குறைவா? பத்தாம் வகுப்பில் நம்மைவிட அதிக மார்க் வாங்கியவனாகக்கூட இருப்பான்.

பணக் கஷ்டம், வீட்டுச் சூழ்நிலை, திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறிய பாடம் என்று காரணங்கள் பல உண்டு. இவற்றைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் ஒரே மாதிரி கஷ்டத்தில் இருக்கும் இருவரில் ஒருவன் தாக்குப்பிடிக்கிறான், மற்றவன் விட்டுவிடுகிறான். இது ஏன்?

அறிஞர்கள் கூறுவது

மாணவர்கள் ஏன் கல்லூரியைவிட்டு நின்றுவிடுகிறார்கள் என்பதற்கு அமெரிக்கப் பேராசிரியர் வின்சென்ட் டின்டோ 1975-ல் ஒரு விளக்கம் தந்தார். படித்து முடிக்க வேண்டும் என்ற இலட்சியப் பிடிப்பு ஒன்று. 'இது என் கல்லூரி' என்ற ஒட்டுதல் இன்னொன்று. இந்த இரண்டும் தளர்ந்தால் மாணவன் விலகிப் போகிறான் என்பது அதன் சாரம்.

2014-ல் டேவிட் யேகர் என்பவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களிடம் நடத்தப்பட்டது அது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு பக்கம் சலிப்பூட்டும் கழித்தல் கணக்குகள். மறுபக்கம் வீடியோவும் விளையாட்டும். எதை வேண்டுமானாலும் செய்யலாம், கேட்பார் கிடையாது. யார் அதிக நேரம் கணக்கில் உட்கார்ந்தார்கள் தெரியுமா? 'நான் கற்பது பிறருக்கும் பயன்பட வேண்டும்' என்ற எண்ணம் உடையவர்கள்தான். அடுத்த ஆண்டு கல்லூரியில் நிலைத்திருக்கும் வாய்ப்பும் அவர்களுக்கே கூடுதலாக இருந்தது.

'நல்ல சம்பளம் வேணும்' என்பது தவறான ஆசை அல்ல. ஆனால் அந்தச் சம்பளம் மூன்று வருஷத்துக்கு அப்புறம் வருவது. இன்று இரவு முடிக்க வேண்டிய டிராயிங் ஷீட்டுக்கு அது மட்டும் போதிய தெம்பு தருவதில்லை.

நோக்கம் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது! இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கணித மேதை ராமானுஜன் 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லாததால் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அவரைவிடவா இலட்சியப் பிடிப்பு உள்ளவர் உண்டு? ஆனால் அந்த இலட்சியத்துக்கும் மற்ற பாடங்களுக்கும் நடுவே பாலம் இல்லை. 1913-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் கடிதம் வந்தது. அவர் உலகப் புகழ் பெற்றார். நமக்கெல்லாம் அப்படி ஒரு கடிதம் வரும் என்று காத்திருக்க முடியுமா?

ஆகவே நண்பர்களே, நோக்கத்தையும் இன்றைய பாடத்தையும் இணைக்கும் பாலத்தை நாமேதான் கட்ட வேண்டும்.

பாலம் கட்டுவது எப்படி?

சிவில் மாணவருக்கு 'பெண்டிங் மொமெண்ட்' என்றாலே கொட்டாவி வரும். ஆனால் நம் வீட்டு சன்ஷேடைப் பாருங்கள். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அது ஒரு கேன்டிலீவர். அதில் இழுவிசை மேல்பக்கம் வருகிறது. எனவே முக்கியக் கம்பி மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். விவரம் தெரியாமல் கீழே போட்டாலோ, கான்கிரீட் போடும்போது காலால் மிதித்து இறக்கிவிட்டாலோ, சன்ஷேடு இடிந்து விழலாம். கீழே யார் நிற்பார்கள்? மழைக்கு ஒதுங்கிய ஒரு குழந்தையாக இருக்கலாம்.

எலக்ட்ரிகல் மாணவருக்கு 'எர்த்திங்' ஐந்து மார்க் கேள்வி. வீட்டில் அம்மா ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுகிறார். அதன் உலோக உடம்பில் கரண்ட் கசிந்திருக்கிறது. எர்த் சரியாக இருந்தால் கரண்ட் அந்த வழியாகப் போய், பியூஸ் எரிந்து சப்ளை நின்றுவிடும், அம்மா பிழைப்பார். இல்லாவிட்டால்? இப்போது சொல்லுங்கள், அது வெறும் ஐந்து மார்க் கேள்விதானா?

மெக்கானிகல் மாணவர் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்துக் கை காய்த்துப் போகிறார். டிரை-ஸ்கொயரை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கும்போது, 'பரவாயில்லை, விடுடா' என்று நினைக்காத பழக்கம் அங்கேதான் வளர்கிறது. நாளை பஸ்ஸின் பிரேக்கைச் சரிபார்க்கப் போவதும் அதே கை.

நாம் செய்யக்கூடியவை

1. ஒவ்வொரு நோட்டின் கடைசிப் பக்கத்திலும், அந்தப் பாடம் தவறினால் யாருக்கு ஆபத்து, சரியாக வந்தால் யாருக்கு நன்மை என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். தெரியவில்லையா? ஆசிரியரிடம் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், மகிழ்ச்சி அடைவார்.

2. 'நான் படிச்சாத்தான் தங்கச்சி படிப்பா' என்பதும் ஓர் உயர்ந்த நோக்கம்தான். அதை இந்த வாரத்து வேலையாகச் சுருக்கிக்கொள்ளுங்கள்: ஒரு அரியர் பேப்பர், ஒரு யூனிட், தினம் ஒரு மணி நேரம்.

3. இரண்டு நாள் வராத நண்பனின் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். பஸ் காசு இல்லாதவனிடம் இலட்சியம் பேசிப் பயனில்லை. பஸ் காசுக்கு வழி செய்ய வேண்டும். டின்டோ சொன்ன ஒட்டுதல் இப்படித்தான் உண்டாகும். மாணவர் பேரவை என்று ஒன்று இருப்பதும் இதற்காகத்தான்.

"எனக்கு இன்னும் ஒரு நோக்கமும் தோணலையே, வீட்டுல சேர்த்துவிட்டாங்க, வந்தேன்" என்கிறீர்களா? கவலை வேண்டாம். பதினைந்து, பதினாறு வயதில் எல்லோரும் நோக்கத்தோடு வருவதில்லை. வேலையைக் கற்கக் கற்க, அது யாருக்குப் பயன்படுகிறது என்று பார்க்கப் பார்க்க, நோக்கம் தானாக முளைக்கும். அதுவரை வகுப்பைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும்.

ஆறாவது செமஸ்டரிலும் நம் வகுப்பில் ஓர் இடமும் காலியாக இருக்கக் கூடாது. முயல்வோம், முடிப்போம்!