பிஓபி அச்சு, பாட்டில் மூடி, ஒரு டிராயர் கைப்பிடி

மேசை டிராயர் கைப்பிடி உடைஞ்சா நாம என்ன பண்ணுவோம்? ஒரு கயிறைக் கட்டி இழுப்போம். ஆனா கேன்டீன் குப்பையில கிடக்கிற பாட்டில் மூடிகளை உருக்கியே அந்தக் கைப்பிடியைச் செய்யலாம். அதுக்கு ஓர் அச்சு வேணும். 2013-ல் நெதர்லாந்தில் டேவ் ஹாக்கன்ஸ் தொடங்கின 'பிரெஷியஸ் பிளாஸ்டிக்' திட்டத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அதில் பெரும்பாலும் உலோக அச்சுதான். ஒரே ஒரு கைப்பிடிக்காக அலுமினியம் வெட்டினா செலவு தாங்காது. அதனால நாம பிளாஸ்டருக்கு வருவோம்.

ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு வாங்குற அதே பிஓபி போதும். பெயின்ட் கடையில் கேட்கும்போது வால் புட்டியோ ஒயிட் சிமென்ட்டோ மாத்திக் கொடுத்துடாம பார்த்துக்குங்க. இன்னொரு விஷயம்: சேலத்துல சுண்ணாம்புக் கரடு வெள்ளையா இருக்கேன்னு அதுதான் பிளாஸ்டருக்கு மூலம்னு நினைக்காதீங்க. அது மேக்னசைட், உலைச் செங்கலுக்குப் போறது. பிளாஸ்டர் வர்றது ஜிப்சத்துல இருந்து.

ஜிப்சத்துல ஒரு கால்சியம் சல்பேட்டுக்கு ரெண்டு தண்ணீர் மூலக்கூறு ஒட்டியிருக்கும். சூடாக்கினா ஒன்றரை போயிடும், மிச்சம் அரை. அதுதான் பிஓபி. நாம தண்ணி ஊத்தினா போன ஒன்றரையைத் திரும்ப எடுத்துக்கிட்டு, சூட்டை வெளியிட்டு, கல்லாகுது. இப்ப கணக்குப் போடுங்க. 1 கிலோ பிஓபிக்கு வேதியியல்படி தேவையான தண்ணி சுமார் 186 கிராம்தான். ஆனா ஊத்துற பதம் வரணும்னா 700 மில்லி கலக்கணும். அப்போ அரை லிட்டருக்கு மேல தண்ணி அச்சுக்குள்ளேயே சும்மா உட்கார்ந்திருக்கு.

இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இதுதான். 180 டிகிரி பிளாஸ்டிக்கை ஈர அச்சில் அழுத்தினா அந்தத் தண்ணி ஆவியாகி சுமார் 1,600 மடங்கு விரியும். மேலே பிளாஸ்டிக் அடைச்சிருக்கு, போக வழியில்லை. அச்சு வெடிக்கும், இல்லேன்னா உருகின பிளாஸ்டிக் முகத்துல தெறிக்கும். வெளியே தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கிறதை நம்பாதீங்க. தினமும் தராசுல வைங்க, ரெண்டு மூணு நாள் தொடர்ந்து எடை மாறாம இருந்தாத்தான் காய்ஞ்சதுன்னு அர்த்தம். நம்ம ஊர் ஏப்ரல் வெயில் இதுக்குன்னே அடிக்குது. அவசரப்பட்டு ஓவன்ல வைக்கிறதா இருந்தா 45 டிகிரியைத் தாண்டாதீங்க. தாண்டினா கல்லுக்குள்ள கட்டுண்ட தண்ணியும் கழண்டு, அச்சு மாவா உதிரும்.

இனி மாதிரி. உடையாத பக்கத்து டிராயர் கைப்பிடியை அப்படியே அச்செடுத்தா வர்றது சின்னதா இருக்கும், ஏன்னா ஹெச்.டி.பி.இ. ஆறும்போது 2, 3 சதவீதம் சுருங்கும். 60 மில்லிமீட்டர் வேணும்னா மாதிரி 61.5 இருக்கணும். களிமண்லயோ மரத்துலயோ செய்யுங்க. பக்கச் சுவர்கள் கொஞ்சம் சாய்வா இருக்கட்டும், உள்வளைவு எங்கேயும் வேண்டாம். மாதிரியைப் பாதி உயரம் வரை களிமண்ணில் புதைச்சு, சுத்திப் பலகை கட்டி, மேலே வாசலின் தடவுங்க.

தண்ணியில்தான் பவுடரைத் தூவணும், பவுடர்ல தண்ணியை ஊத்தக் கூடாது. ஒரு நிமிஷம் ஊறவிட்டு, குமிழி வராம மெதுவாக் கலக்கி, மோர்க்குழம்பு பதத்துல ஓரமா ஊத்துங்க. முதல் பாதி இறுகினதும் திருப்பிப் போட்டு, களிமண்ணை எடுத்துட்டு, பிளாஸ்டர் முகத்துல சோப்புக் கரைசலை ரெண்டு மூணு தடவை பூசினப்புறம் அடுத்த பாதியை ஊத்துங்க. சோப்பு மறந்தா ரெண்டும் ஒரே கல். விளையாட்டுக்குக்கூட கையை உள்ளே விட்டு அச்செடுக்காதீங்க. 2007-ல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி அப்படிச் செய்து, இறுகும் சூட்டுல விரல்களை இழந்தாங்க. மிச்சத்தை வாஷ்பேசின்ல ஊத்தினா குழாயும் கல்லாகும்.

பிளாஸ்டிக்கில் 2 அல்லது 5 எண் உள்ளதை மட்டும் எடுங்க, ரெண்டையும் கலக்காதீங்க. எண் இல்லாத துண்டைத் தண்ணியில் போடுங்க. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். பி.வி.சி. சூடானா ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரல் போயிடும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், பிளாஸ்டிக் சாலைக்காக 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினவர். அவர் முறையிலும் சுமார் 170 டிகிரி ஜல்லி மேல் பிளாஸ்டிக் துண்டுகளைப் பூசுறாங்க, பி.வி.சி.க்கு அங்கேயும் இடமில்லை.

சமையலுக்கு இனி எடுக்கவே போறதில்லைங்கிற பழைய ஓவன், மொட்டை மாடி, 180 டிகிரி. கேஸ் அடுப்புத் தீயில் நேரா வேண்டாம், அங்கே சூடு உங்க கையில் இல்லை. மூடிகள் சப்பாத்தி மாவு மாதிரி ஆனதும் வெல்டிங் கையுறையோட எடுத்து, மடிச்சுக் காற்றை வெளியேத்தி, கீழ் அச்சில் வைங்க. மேல் அச்சை மூடி சி கிளாம்ப்பால் இறுக்குங்க. பிளாஸ்டர் நசுக்கலைத் தாங்கும், வளைவைத் தாங்காது, அதனால ரெண்டு பக்கமும் பலகை வைங்க. ஆற ஆற சுருங்கும், அப்பப்ப இன்னும் கொஞ்சம் இறுக்குங்க. பிளாஸ்டர் சூட்டை மெதுவாத்தான் விடும். ஒரு மணி நேரத்துக்குள்ள திறந்து பார்க்கிற ஆசை வரும், அடக்கிக்குங்க.

என் கருத்து: இது மாதிரி பார்க்கிறதுக்கான அச்சு, உற்பத்திக்கு இல்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் முகப்பு கொஞ்சம் கொஞ்சமா மாவாகும், ஓரங்கள் மழுங்கும். நூறு கைப்பிடி வேணும்னா அலுமினியத்துக்கே போங்க.

தேய்ஞ்ச அச்சை என்ன பண்றது? நாமக்கல் பக்கம் கடலைக்கு ஜிப்சம் போடுறாங்களே, உடைச்சுத் தோட்டத்துல போட்டுடலாமேன்னு தோணும். போடாதீங்க. முகப்பில் ஒட்டின பிளாஸ்டிக் துணுக்கும் கூடவே மண்ணுக்குப் போகும். பிளாஸ்டிக் படாத வெளிப்பக்கத்தைத் தட்டி எடுத்தா அது தோட்டத்துக்கு, உள்முகம் குப்பைக்கு.