நடிக்க ஆசையா? பஸ் ஏறுவது கடைசிப் படி



"மகன் சினிமாவுல நடிக்கப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். படிப்பும் ஓடல, மலைக்கும் போக மாட்டேங்கிறான். என்னங்க செய்யிறது?" என்று கேட்கும் பெற்றோர் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். "கொழும்புல பொறந்திருந்தா நானும் நடிகையாகியிருப்பேன்" என்று பெருமூச்சு விடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்தப் பாடம் இரு சாராருக்கும் உரியது.

ஆசைப்படுவது குற்றமில்லை. கவ்வாத்து வெட்டுவதைப் போல, தையல் வேலையைப் போல நடிப்பும் ஒரு தொழில். பழகினால் வரும். பழகுவதற்கு முன்னே பட்டணத்துக்கு ஓடுவதுதான் ஆபத்து. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று பார்ப்போம்.

1. முன்னே போனவர்கள்

எம்.ஜி.ஆர். 1917 ஆம் ஆண்டு நம் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியும். தகப்பனார் இறந்த பின் குடும்பம் கும்பகோணம் போனது. வறுமையில் சிறு பையனாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அவர் முதலில் நடித்த படம் 1936 இல் வந்த 'சதி லீலாவதி'. அந்தப் படத்தின் கதாநாயகன் இலங்கைக்கு ஓடி வந்து தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறான்! எம்.ஜி.ஆருக்குக் கிடைத்ததோ இன்ஸ்பெக்டராக ஒரு சின்ன வேடம். அவர் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' வந்தது 1947 இல். இடையில் போன 11 வருடமும் சின்னச் சின்ன வேடங்கள்தாம். அதற்கு முன்னே நாடக மேடையில் கழித்த வருடங்கள் தனி.

இன்னும் கிட்டிய உதாரணம் தர்ஷன் தர்மராஜ். இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானையில் பிறந்த தமிழர். சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களிலும் சிங்களப் படங்களிலும் பேர் எடுத்தார். 2012 இல் வந்த 'இனி அவன்' என்ற தமிழ்ப் படத்தில், சண்டை முடிந்து வடக்கில் தன் ஊருக்குத் திரும்பும் முன்னாள் போராளியாக நடித்தார். 2022 ஒக்டோபரில் இளம் வயதிலேயே காலமானார். தூரத்து ஊர்க்காரரும் இந்தத் தொழிலில் நிற்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

நம் நாட்டுத் தமிழ்ப் படங்களிலும் தோட்டம் வந்திருக்கிறது. 1963 இல் 'தோட்டக்காரி' வந்தது. 1975 இல் தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' மலையகத் தொழிலாளர் வாழ்க்கையைச் சொன்னது. ஆனாலும் இங்கே தமிழ்ப் படம் வருவது குறைவு என்ற உண்மையை ஒளிக்கக் கூடாது. தொலைக்காட்சி நாடகம், குறும்படம், விளம்பரம், குரல் கொடுத்தல், மேடை நாடகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது ஒரு தொழில்.

2. நம் திடலே முதல் பள்ளிக்கூடம்

மாசியில் காமன் நட்டு விட்டால் ரதி, மன்மதன், வீரபத்திரன் எல்லாரும் திடலுக்கு வருகிறார்கள். தப்பு முழங்க விடிய விடிய ஆட்டம். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளும் நம்மிடம் உண்டு. ஆயிரம் கண் பார்க்கும்போது கூச்சமின்றி நிற்பது, தாளத்துக்குக் கால் வைப்பது, நீண்ட பாட்டை மனதில் வைப்பது, பனியிலும் குரல் உடையாமல் பார்ப்பது எல்லாம் அங்கே பழகலாம். நடிப்புப் பள்ளிகளும் சொல்லித் தருவது இவைதாம். நம் தோட்டத்து வாத்தியார் ஒரு சின்ன வேடம் கொடுத்தாலும் மறுக்காதீர்கள்.

வீட்டிலும் பழகலாம். தினமும் 10 நிமிடம் பத்திரிகையைச் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தும் விளங்க வாசியுங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஆட்களைக் கவனியுங்கள். கிலோ குறைந்தவர் முகம் எப்படிப் போகிறது? கை எங்கே நிற்கிறது? அன்று இரவு அதை வீட்டாருக்குச் செய்து காட்டுங்கள். "அட, இது நம்ம மாரியக்கா மாதிரியே இருக்கே!" என்று அவர்கள் சிரித்தால் நீங்கள் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள்.

3. மேடை வேறு, கமரா வேறு

திடலில் கடைசியில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும். அதனால் கையை வீசுகிறோம், குரலை உயர்த்துகிறோம். கமராவோ முகத்துக்குப் பக்கத்தில் வருகிறது. புருவம் சற்றே உயர்ந்தாலும் திரையில் பெரிதாகத் தெரியும். அங்கே குறைத்துச் செய்யப் பழக வேண்டும்.

படத்தைக் கதை வரிசைப்படி எடுப்பதும் இல்லை. சாவுக் காட்சியை முதல் நாளும் கல்யாணக் காட்சியைப் பத்தாம் நாளும் எடுப்பார்கள். ஒரே காட்சியைப் பல தடவை எடுப்பார்கள். முதல் தடவை தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையில் பிடித்தால் கடைசித் தடவையும் இடக்கைதான். ஒரு நிமிடக் காட்சிக்கு அரை நாள் காத்திருக்க நேரும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை சரி வராது.

4. பேச்சுதான் முதல்

நம் பேச்சைக் கண்டு வெட்கப்படாதீர்கள். மலையகத்துப் பாத்திரத்துக்கு அந்தப் பேச்சைப் பிறர் கற்க வேண்டும். உங்களுக்கு அது சொந்தம். அதோடு யாழ்ப்பாணப் பேச்சு, மட்டக்களப்புப் பேச்சு இரண்டையும் காது கொடுத்துக் கேட்டுப் பழகுங்கள். சிங்களம் பேசவும் வாசிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். இந்நாட்டில் படமும் தொலைக்காட்சி நாடகமும் அதிகம் எடுக்கப்படுவது சிங்களத்தில்தான்.

5. எங்கே படிக்கலாம்?

பாடசாலையில் 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடமாக இருக்கிறது. சாதாரண தரத்துக்கும் உயர் தரத்துக்கும் எடுக்கலாம். தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நாடகம், வில்லுப்பாட்டு உண்டு. உயர் தரத்தில் நல்ல பெறுபேறு கிடைத்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இதைத் தமிழில் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். ஆகவே "நடிக்கப் போறேன், படிப்பெதுக்கு?" என்பது தப்புக் கணக்கு.

பாடசாலையை விட்டவர்கள் பிரதேச செயலகத்துக்குப் போய்க் கலாசார உத்தியோகத்தரையும் இளைஞர் சேவை உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். நாடக விழா, பயிற்சி முகாம், இளைஞர் கழகம் பற்றி அவர்களிடம் கேட்கலாம்.

6. லயத்திலிருந்தே தெரிவுக்கு அனுப்புவது

ஹட்டனிலிருந்து கொழும்பு போய் வந்தால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் போகும். இப்போது பலர் முதல் தெரிவைக் கைத்தொலைபேசிப் பதிவைப் பார்த்தே செய்கிறார்கள். பதிவு எடுக்கும் முறை இது:

• காலை வெளிச்சத்தில் இஸ்தோப்பில் நில்லுங்கள். வெளிச்சம் முகத்தில் விழட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.
• மழை நேரம் எடுக்காதீர்கள். தகரக் கூரைச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும்.
• போனைப் படுக்கை வாக்கில், கண் உயரத்தில், ஆடாமல் வையுங்கள். நெஞ்சுக்கு மேலே தெரிந்தால் போதும்.
• முதலில் பெயர், வயது, உயரம், தெரிந்த பாஷைகள். பின்பு ஒரு நிமிடம் நடிப்பு.
• முகத்தை வெள்ளையாக்கும் வித்தை எதுவும் வேண்டாம். உள்ளபடி இருங்கள்.

7. ஏமாறாதீர்கள்

இதைப் பெற்றோர் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். வேலை கொடுப்பவர் சம்பளம் தருவார். பணம் கேட்க மாட்டார். "பதிவுக் காசு கட்டு, ஹீரோ சான்ஸ் தாறேன்" என்பவன் படம் எடுப்பவன் இல்லை. அடகு வைத்த தோடு திரும்பி வராது. படக் கம்பெனியைப் பற்றிக் கொழும்பில் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தில் விசாரிக்கலாம்.

தெரிவுக்குப் போகும் பெண் பிள்ளையும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையும் தனியே போக வேண்டாம். விடுதி அறைக்கோ இரவிலோ கூப்பிட்டால் போகவே வேண்டாம். உடை குறைந்த படம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அடையாள அட்டையையும் பாஸ்போட்டையும் எவர் கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். சுற்றுலா விசாவில் சென்னை போய் வேலை செய்யச் சட்டத்தில் இடமில்லை. அப்படிக் கூட்டிப் போகிறேன் என்பவரை நம்பாதீர்கள். சிறுவருக்கு ஆபத்து என்றால் 1929, பெண்களுக்கு 1938, பொலிஸுக்கு 119 என்ற இலக்கங்களுக்கு உடனே அழையுங்கள்.

8. அடுப்பு எரிய வேண்டும்

நடிப்பில் மாதச் சம்பளம் இல்லை. நாள் கணக்கில் காசு. பெரும்பாலும் சேமலாப நிதியும் இல்லை. ஒரு மாதம் வேலை இருக்கும், மூன்று மாதம் இருக்காது. ஆகவே கையில் வேறொரு தொழில் இருக்கட்டும். நாட்கூலி எவ்வளவு, எப்போது தருவார்கள், சாப்பாடு, தங்குமிடம், பஸ் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பேர் போட்டிருக்கிறதா என்று செக்ரோலைப் பார்ப்பதில்லையா? அது போலத்தான்.

பெற்றோர்களே, பிள்ளையைத் திட்டி அடக்கினால் சொல்லாமல் ஓடிப் போவான். "சரிப்பா, ரெண்டு வருஷம் இங்கேயே பழகு, பரீட்சையும் எழுது, அப்புறம் நானே கூட்டிப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஆசை உண்மையானால் அந்த இரண்டு வருடத்தில் வளரும். வெறும் சோக்கு என்றால் தானாக அடங்கும். இரண்டிலும் வீட்டுக்கு நட்டமில்லை.

குடும்பமாக உட்கார்ந்து பேச:

1. எம்.ஜி.ஆர். முதற் படத்துக்கும் கதாநாயகன் வேடத்துக்கும் இடையில் எத்தனை வருடம் காத்திருந்தார்? நாம் எத்தனை வருடம் பொறுப்போம்?
2. நம் தோட்டத்தில் கூத்துப் பழக்கும் வாத்தியார் யார்? அவரிடம் இந்த வருடம் யார் பழகுகிறார்கள்?
3. "காசு கட்டினால் சான்ஸ்" என்று ஒருவர் வந்தால் நாம் என்ன பதில் சொல்வோம்?