அவசரமும் விசுவாசமும்



டிசம்பர் பிறந்தாலே கேரல் பவனி, நட்சத்திர விளக்கு, புதுத்துணி, பலகாரம், வாழ்த்து அட்டை என்று ஓடத் தொடங்கிவிடுகிறோம். ஆண்டவரின் பிறப்பைக் கொண்டாடத்தான் ஓடுகிறோம். ஆனால் அவர் பாதத்தில் அமர மட்டும் நேரம் கிடைப்பதில்லை.

முதல் கிறிஸ்துமஸும் பரபரப்பான நாட்களில்தான் வந்தது. அகுஸ்துராயனின் கட்டளைப்படி ஜனங்கள் குடிமதிப்பு எழுதப்படத் தங்கள் ஊர்களுக்குப் பயணப்பட்டார்கள். சத்திரத்தில் இடமில்லை. மேய்ப்பர்கள் விரைந்து வந்தார்கள், கேட்டவர்கள் வியந்தார்கள். மரியாளோ அமைதியாய் இருந்து, எல்லாவற்றையும் மனதில் காத்துத் தியானித்தாள் (லூக்கா 2:19). கையில் பச்சிளங் குழந்தை, படுக்க வைக்க ஒரு முன்னணை. நாளை என்ன நடக்கும் என்று அவள் அறியாள். ஆனாலும் வாக்குக் கொடுத்தவரை நம்பினாள்.

மருத்துவமனையில் இந்தப் பாடத்தை நாம் தினமும் காண்கிறோம். முறிந்த எலும்பை மருத்துவர் நேராக்கிக் கட்டுப்போடுவார். அதன்பின் அவரும் வாரக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். எலும்பைக் கூடிவரச் செய்கிறவர் தேவனே. பண்டிகைக்கு வீட்டுக்குப் போகவேண்டுமென்று கட்டை முன்னதாகவே அவிழ்த்தால் கேடுதான் வரும்.

நம் கடன், பிள்ளைகளின் எதிர்காலம், வீட்டிலுள்ளோரின் வியாதி ஆகியவையும் அப்படியே. நம் பங்கை உண்மையாய்ச் செய்துவிட்டு, மீதியை அவர் கரத்தில் விடுவதே விசுவாசம்.

இந்த ஆண்டு பலகாரத்தில் ஒரு வகை குறைந்தாலும் குறையட்டும். அந்த நேரத்தில் குடும்பமாய் அமர்ந்து லூக்கா 2-ஆம் அதிகாரத்தை நிதானமாய் வாசிப்போம். படுக்கையிலிருக்கும் ஒருவர் அருகில் சற்றுநேரம் உட்கார்ந்து ஜெபிப்போம். சமாதானப் பிரபு நம் இல்லங்களில் இடம் பெறுவாராக. ஆமென்.