இனிப்புக் கள்ளைச் சுவைத்துப் பழக

முல்லைத்தீவின் புதுக்குடியிருப்புக்கு விடுமுறையில் வரும் பலர் பனங்கள்ளை ஒரே மிடறில் ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்தது அநேகமாக நேரம் பிந்திய கள்ளு. மோல்ற் இனிப்புத் தூக்கலான இந்தியா பேல் ஏல் பியரை ஆறுதலாகச் சுவைக்கத் தெரிந்தவருக்கு அப்போதே இறக்கிய உடன்கள்ளும் கைவரும். ஒரு வித்தியாசத்தை மட்டும் அறிந்திருக்க வேண்டும். மோல்ற்றில் மதுவத்தால் தின்ன முடியாத கூறுகள் மிஞ்சுகின்றன. அந்தப் பியரின் தடிப்பும் இனிப்பும் அவற்றால் நிலைக்கின்றன. பனஞ்சாற்றின் இனிப்பு பெரும்பாலும் சுக்குரோசு. அதை மதுவம் மிச்சமில்லாமல் தின்றுவிடும். எனவே கள்ளின் இனிப்பு நேரத்தின் கையில் இருக்கிறது.

1. பருவமும் நாளும் பாருங்கள். பனங்கள்ளு பெரும்பாலும் தை, மாசியில் தொடங்கி ஆடி வாக்கில் ஓயும். மற்றக் காலத்தில் தென்னங்கள்ளுத்தான். போயா நாட்களில் கள்ளுத் தவறணை பூட்டு. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பது இலங்கையில் குற்றம்.

2. இறக்கிய நேரத்தைக் கேளுங்கள். சீவல் தொழிலாளி காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளை சீவி, முட்டியை இறக்குவார். அவர் வந்து சேரும் வேளைக்கே தவறணைக்குப் போங்கள். பல மரத்துக் கள்ளு கலக்குமுன், தனிமரத்துக் கள்ளு கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு பனைக்கும் தனி ருசி உண்டு.

3. கருப்பணியில் தொடங்குங்கள். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காது, அதுதான் கருப்பணி. அதில் இரண்டு மிடறு குடித்தால் பனையின் இனிப்பு எப்படிப்பட்டது என்று நாக்கு அறிந்துகொள்ளும். பிறகு குடிக்கும் கள்ளை அந்த அளவுகோலால் அளக்கலாம்.

4. பார்த்து, மணந்து பாருங்கள். பன்னாடையில் வடித்த கள்ளைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். பால்போல மங்கிய வெண்மையும் மெல்லிய நுரையும் இருக்க வேண்டும். நல்ல உடன்கள்ளில் பழ வாசமும் பாளை வாசமும் வரும். வினாகிரி மணம் மூக்கில் அடித்தால் கள்ளின் வேளை கடந்துவிட்டது. ஓலையில் கோலிய பிளா கிடைத்தால் அதிலும் ஒருமுறை குடித்துப் பாருங்கள். ஓலையின் வாசமும் சேர்ந்து வரும்.

5. சிறு மிடறாக எடுத்து வாயில் நிறுத்துங்கள். முதலில் இனிப்பு, அடுத்து நாக்கில் சுரீரென்ற கூச்சம், கடைசியில் மெல்லிய புளிப்பு என்று வரிசையாக வருகிறதா என்று கவனியுங்கள். பியரில் ஹொப்ஸின் கசப்பு இனிப்பைத் தாங்கிப் பிடிக்கும். இங்கே அந்த வேலையைப் புளிப்புச் செய்கிறது. நன்றாகப் புளித்த மணத்தோடு இனிப்பும் தூக்கலாக இருந்தால், சீனி கலந்ததா என்று விசாரியுங்கள்.

6. ஒரு மணித்தியாலம் விட்டு மறுபடி சுவையுங்கள். அதே கள்ளில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். இனிப்பு இறங்கும், காரம் ஏறும். எந்தக் கட்டம் உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்தால், அடுத்த முறை எப்போது வரவேண்டும் என்பதும் தெரியும்.

7. பக்கத்தில் உறைப்பானதை வையுங்கள். முல்லைத்தீவுக் கடலின் கணவாய்ப் பொரியலோ கருவாட்டுப் பொரியலோ போதும். ஆனால் சுவை பார்த்து முடியும்வரை அதைத் தொடாதீர்கள். உறைப்பு நாக்கை மூடிவிடும்.

8. அளவோடு நிறுத்துங்கள். இனிப்பாக இருப்பதால் வெறியேறாது என்று நினைக்கக் கூடாது. சில மணி நேரத்தில் கள்ளின் மதுசாரம் பியரளவுக்கு, நூற்றுக்கு 4, 5 வரை, ஏறிவிடும். குடித்தபின் வாகனம் ஓட்ட வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுபோனால் போத்தலை இறுக்கி மூடாதீர்கள். உள்ளே புளித்தல் நிற்காது, வாயு ஏறிப் போத்தல் வெடிக்கக்கூடும். மிஞ்சியதை அன்றிரவே அப்ப மாவில் விட்டுக் குழைத்து வையுங்கள். காலையில் மா பொங்கியிருக்கும்.