மின்னோட்டத்தை அளக்கும் வளையம்

‘புக்கிட் பாஞ்சாங்’ என்ற மலாய்ப் பெயருக்கு ‘நீண்ட குன்று’ என்று பொருள். 1999ஆம் ஆண்டு முதல் அங்குள்ள அடுக்குமாடி வீடுகளுக்கிடையே இலகு ரயில் ஓடுகிறது. அதன் ஓட்டத்தைச் சன்னலிலிருந்து பார்க்கலாம். ஆனால், அவ்வீடுகளின் சுவர்களுக்குள் ஓடும் மின்சாரத்தைக் கண்ணால் காண முடியாது. மாதந்தோறும் வரும் கட்டணச் சீட்டே அதன் மொத்த அளவைச் சொல்கிறது. எந்தக் கருவி எவ்வளவு மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது என்பதை உடனுக்குடன் அறிந்தால், வீண்செலவைக் குறைக்கலாம். அதற்கு உதவுகிறது மின்னோட்ட மின்மாற்றி.

இது மெல்லிய செம்புக் கம்பி சுற்றப்பட்ட ஒரு வளையம். அளக்க வேண்டிய மின்கம்பி இதன் நடுவே செல்லும். கம்பியில் பாயும் மாறுதிசை மின்னோட்டம் தன்னைச் சுற்றி மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும். அப்புலம் வளையத்தின் சுருளில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த தத்துவம் இது. வளையத்தினுள் ஒரே ஒரு கம்பிதான் செல்ல வேண்டும். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்து சென்றால், எதிரெதிர்த் திசை மின்னோட்டங்களின் விளைவு நீங்கிவிடும்.

சிங்கப்பூர் வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. 2300 வாட் கெண்டி ஒன்று 10 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். வளையத்தில் 2000 சுற்றுகள் இருந்தால், சுருளில் 5 மில்லி ஆம்பியர் பாயும். அது 100 ஓம் மின்தடை வழியே சென்றால் 0.5 வோல்ட் கிடைக்கும். அதன் உச்சம் ஏறத்தாழ 0.7 வோல்ட்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இந்த மின்னழுத்தம் சுழியத்துக்கு மேலும் கீழும் மாறி மாறிச் செல்லும். நுண்கட்டுப்படுத்தியோ, பொதுவாக 0 முதல் 5 வோல்ட் வரையே அளக்கும். எனவே, இரண்டு சம மின்தடைகளைக் கொண்டு 2.5 வோல்ட் நடுநிலையை அமைக்கிறார்கள். அதன் பிறகு, அலை 1.8 வோல்ட்டுக்கும் 3.2 வோல்ட்டுக்கும் இடையே அமையும்.

திடீரென 50 ஆம்பியர் பாய்ந்தால் என்ன ஆகும்? அலை ஒரு பக்கம் 6 வோல்ட் வரை ஏறும். மறுபக்கம் சுழியத்துக்குக் கீழே 1 வோல்ட் இறங்கும். நுண்கட்டுப்படுத்தி பழுதாகலாம். வெள்ளம் வருமுன் அணை கோலுவதுபோல, அதன் நுழைவாயிலில் ஒரு மின்தடையையும் இரண்டு டயோடுகளையும் இணைக்கிறார்கள். மின்தடை, உள்ளே புகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். டயோடுகள் மிகுதியை வேறு வழியில் திருப்பிவிடும்.

இன்னொன்றையும் மறத்தல் கூடாது. கம்பியில் மின்சாரம் பாயும்போது அந்த 100 ஓம் மின்தடையைக் கழற்றக் கூடாது. செல்ல வழியில்லாத நிலையில், சுருளின் முனைகளில் ஆபத்தான உயர் மின்னழுத்தம் உண்டாகலாம்.

மாணவர்கள் குறைந்த மின்னழுத்தச் சுற்றைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் துணையுடன் அமைத்துப் பார்க்கலாம். வீட்டு மின்பெட்டியைத் திறக்கும் பணியை, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட வேண்டும். அளவை அறிவது சிக்கனத்திற்கு வழி; ஆபத்தை அறிவது உயிருக்குக் காவல்.